ஒரே மரபணு, வேறு வேறு வெயில்

சி.டி.கே.என்.2.ஏ என்ற மரபணு நம் எல்லோருக்கும் ஒன்பதாவது குரோமோசோமில் இருக்கிறது. அது பழுதோடு பிறப்பவர்களுக்கு மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம். எவ்வளவு அதிகம் என்று அறிய, இந்தப் பழுதைப் பரம்பரையாகச் சுமக்கும் எண்பது குடும்பங்களின் விவரங்களை ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா மூன்றிலிருந்தும் ஆய்வாளர்கள் திரட்டினார்கள். 2002இல் வெளியான அந்தக் கணக்கில் விடை ஒன்றாக வரவில்லை. எண்பது வயதுக்குள் மெலனோமா வரும் வாய்ப்பு ஐரோப்பியக் குடும்பங்களில் 58 சதவீதம்; அமெரிக்காவில் 76; ஆஸ்திரேலியாவில் 91. ஐம்பது வயது வரை மட்டும் பார்த்தால் ஐரோப்பாவில் 13 சதவீதம்தான், மற்ற இரு இடங்களிலும் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எந்த நாட்டில் பொதுமக்களிடையே மெலனோமா அதிகமோ, அந்த நாட்டில் இந்தக் குடும்பங்களுக்கும் அதிகம். தோல் புற்றுநோயைப் பொறுத்தவரை பரம்பரை ஆபத்து மாறாத ஓர் எண்ணாக யாருக்கும் வந்து சேர்வதில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். உடலில் எங்கே பலவீனம் என்பதை மரபணு முடிவு செய்கிறது. அந்தப் பலவீனத்துக்கு எவ்வளவு விலை கொடுக்க நேரும் என்பதைப் பெரும்பாலும் ஊரும் வெயிலும் உடையும் குழந்தைப் பருவமும் முடிவு செய்கின்றன.

குடும்பத்தில் தொடர்ந்து வரும் மெலனோமா புதிய கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜ் ஊரில் மருத்துவம் பார்த்த வில்லியம் நோரிஸ், 1820இலேயே ஒரு நோயாளியைப் பற்றி எழுதும்போது, அவருடைய தந்தையும் இதே நோயில் இறந்ததையும் குடும்பத்தினர் பலருக்கு உடம்பில் மச்சங்கள் இருந்ததையும் குறித்து, இது பரம்பரை நோய் என்று சந்தேகித்தார். அந்தச் சந்தேகத்துக்குப் பெயர் கொடுக்க 174 ஆண்டுகள் ஆயின. 1994இல்தான் சி.டி.கே.என்.2.ஏ பழுது இத்தகைய குடும்பங்களில் கண்டறியப்பட்டது. இந்த மரபணு தரும் பி16 என்ற புரதம், செல் கண்டபடி பிளவுபடாமல் நிறுத்தி வைக்கும் வேலையைச் செய்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இந்த மரபணுவில் இரண்டு பிரதிகள் நமக்கு உண்டு. ஒன்று பிறவியிலேயே கெட்டிருந்தால், மிஞ்சிய ஒன்றும் ஏதோ ஒரு செல்லில் கெட்டுப்போனாலே போதும், அந்தச் செல்லை நிறுத்த ஆளில்லை. பிறவியில் வந்தது முதல் பழுதுதான். இரண்டாவது வாழ்நாளில் நடக்கிறது. அதை நடத்துவதில் பெரும் பங்கு வெயிலின் புற ஊதாக் கதிருக்கு உண்டு. பழுது ஒன்றாகவே இருந்தும் மூன்று கண்டங்களில் கணக்கு மாறியதற்குக் காரணம் இங்கேதான் தொடங்குகிறது.

இந்த இரண்டு வகைப் பழுதுகளையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால் பல குடும்பங்கள் வீணாகக் கலங்குகின்றன. மெலனோமா நோயாளியின் பயாப்சி அறிக்கையில் 'பிராஃப் பிறழ்வு உள்ளது' என்று எழுதியிருப்பார்கள். அதைப் படித்ததும் 'பிள்ளைகளுக்கும் வந்துவிடுமோ' என்ற பயம் தொற்றிக்கொள்ளும். பிராஃப் மரபணுவின் இந்தப் பிறழ்வு சுமார் பாதி மெலனோமாக் கட்டிகளில் இருப்பது 2002இல் தெரியவந்தது. ஆனால் அது கட்டியில் மட்டும் உண்டானது, பிள்ளைகளுக்குப் போகாது. எந்த மருந்து பலிக்கும் என்று மருத்துவர் முடிவெடுக்கத்தான் அந்த வரி. கட்டிக்குள் இப்படி உண்டாகும் மாற்றங்கள் கொஞ்சநஞ்சமல்ல. 2010இல் ஒரு மெலனோமாவின் முழு மரபுத் தொகுதியையும் படித்துப் பார்த்தபோது 33,000க்கும் மேற்பட்ட எழுத்து மாற்றங்கள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை புற ஊதாக் கதிர் மட்டுமே விட்டுச்செல்லும் தனி அடையாளத்தோடு இருந்தன. பரம்பரையாக வந்த பழுது ஒன்று, வெயில் செய்த பழுது ஆயிரக்கணக்கில்.

இங்கே நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. 58, 76, 91 என்ற எண்கள் எப்படிப்பட்ட குடும்பங்களிலிருந்து வந்தவை? வீட்டில் ஒருவருக்கு மேல் மெலனோமாவால் பாதிக்கப்பட்டதால் ஆய்வாளர் கண்ணில் பட்ட குடும்பங்களிலிருந்து. அதே பழுதைச் சுமந்தும் நோயே வராத வீடுகள் அந்தக் கணக்கில் ஏறவே இல்லை. இந்த ஆட்சேபம் சரியானது. அதற்கு விடையும் கிடைத்துவிட்டது. குடும்ப வரலாறு எதையும் நிபந்தனையாக வைக்காமல், பொது மக்களிடையே மெலனோமா வந்தவர்களிலிருந்து தொடங்கிய ஒரு கணக்கு 2005இல் வெளியானது. அதன்படி இந்தப் பழுது உள்ளவருக்கு எண்பது வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு 28 சதவீதம். அதாவது ஒரே மரபணுவுக்கு நம் கையில் இப்போது நான்கு எண்கள். இந்த ஆட்சேபம் என் வாதத்தைக் குலைப்பதாக நான் நினைக்கவில்லை, இன்னும் பலப்படுத்துகிறது. பலருக்கு நோய் வந்த குடும்பத்தில் அந்த ஒரு மரபணு மட்டுமா பொதுவாக இருக்கிறது? தோல் நிறம், மச்சங்களின் எண்ணிக்கை, கூடவே வந்த வேறு மரபணு மாறுபாடுகள், ஒரே கடற்கரையில் கழித்த விடுமுறைகள் எல்லாமே பொதுவானவை. ஒரு மரபணுவைத் தனியே பிரித்தெடுத்து அதற்கு ஓர் எண்ணை ஒட்டுவது ஏன் இவ்வளவு தடுமாற்றம் தருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

மரபணுவை மாற்றாமல் ஊரை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறே ஒரு சோதனை நடத்தியிருக்கிறது. வெயில் குறைந்த பிரிட்டனிலிருந்து பல்லாயிரம் பேர் ஆஸ்திரேலியாவில் குடியேறினார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் செய்யப்பட்டு 1984இல் வெளியான ஆய்வு, பத்து வயதுக்கு முன் வந்து சேர்ந்தவர்களுக்கு மெலனோமா ஆபத்து அங்கேயே பிறந்தவர்களுக்கு இருக்கும் அளவுக்கு இருப்பதைக் கண்டது. பதினைந்து வயதுக்குப் பின் வந்தவர்களுக்கு அதில் கால் பங்குதான். வம்சம் ஒன்றுதான், வந்து சேர்ந்த வயது மட்டும் வேறு. பிள்ளைப் பருவத்து வெயில் நாற்பது ஆண்டு கழித்துக் கணக்குத் தீர்க்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் வெயில் தலையில் கட்டிவிட்டு மரபணுவை ஒதுக்கவும் முடியாது. எம்.சி.1.ஆர் என்ற மரபணுவைப் பாருங்கள். தோல் செய்யும் மெலனின் நிறமி இரண்டு வகைப்படும்: கதிரை நன்றாக உறிஞ்சும் கரும்பழுப்பு வகை, அவ்வளவாகக் காக்காத செம்மஞ்சள் வகை. எது அதிகமாக உண்டாக வேண்டும் என்று கட்டளையிடுவது எம்.சி.1.ஆர். அதன் சில மாறுபாடுகள் இரண்டு பிரதியிலும் இருந்தால் தலைமுடி செம்பட்டையாகவும் தோல் வெளிறியும் முகமெங்கும் பழுப்புப் புள்ளிகளோடும் இருக்கும் என்பது 1995இலிருந்து தெரியும். ஒரே ஒரு பிரதியில் மாறுபாடு இருப்பவருக்குச் செம்பட்டை முடி இராது; பார்த்தால் தெரியாது. ஆயினும் 2016இல் நானூறுக்கும் மேற்பட்ட மெலனோமாக் கட்டிகளை ஒப்பிட்டபோது, ஒரு பிரதி உள்ளவர்களின் கட்டிகளிலும் வெயில் அடையாளம் கொண்ட பிறழ்வுகள் 42 சதவீதம் அதிகமாக இருந்தன. அதற்கு முன்பே, 2012இல், பாஸ்டன் ஆய்வுக்கூடம் ஒன்று இன்னொரு புதிரைக் காட்டியது. செம்பட்டை நிற எலிகளுக்குப் புற ஊதாக் கதிரே படாமல் வைத்திருந்தும் மெலனோமா வந்தது. அதே எலிகளில் நிறமி உற்பத்தியை முழுவதுமாக நிறுத்தியபோது வருவது வெகுவாகக் குறைந்தது. செம்மஞ்சள் நிறமியின் உற்பத்தியே செல்லுக்குள் கேடு செய்கிறது என்று தெரிகிறது. சிலருக்கு மரபணு, வெயில் இல்லாமலும் கொஞ்சம் வேலை செய்யும். இதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

மரபணுவே பிரதானம் என்று வாதிடுவோர் கையில் வலுவான ஓர் எண்ணும் உண்டு. டென்மார்க், பின்லாந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இரட்டையர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2016இல் மெலனோமாவின் பரம்பரைப் பங்கு 58 சதவீதம் என்றது. பார்த்தவுடன், பாதிக்கு மேல் மரபணு, அப்புறம் தொப்பி போட்டென்ன, களிம்பு பூசியென்ன என்று தோன்றும். அந்த எண் சொல்வது வேறு. அந்த நான்கு நாட்டு மக்களுக்குள் ஒருவருக்கு நோய் வந்து இன்னொருவருக்கு வராமல் போன வித்தியாசத்தில் மரபணுவின் பங்கு எவ்வளவு என்பதே அது. எல்லோரும் ஏறக்குறைய ஒரே வெயிலில் வாழும் நாட்டில் மீதமுள்ள வித்தியாசத்தில் பெரும் பங்கு மரபணுவிலிருந்து வருவது இயல்பே. தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. ஆஸ்திரேலியாவின் நம்பூர் ஊரில் பதில் கிடைத்தது. 1992இல் அங்கே 1,621 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் தினமும் சன்ஸ்க்ரீன் பூசச் சொன்னார்கள்; மற்றவர்கள் விருப்பம்போல் இருந்தார்கள். தினமும் பூசியவர்களிடம் ஸ்குவாமஸ் என்னும் இன்னொரு வகைத் தோல் புற்று சுமார் 40 சதவீதம் குறைந்தது. சோதனை முடிந்த பத்தாண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தபோது மெலனோமா அவர்களில் 11 பேருக்கு, மற்றக் குழுவில் 22 பேருக்கு. யாருடைய மரபணுவும் இதில் மாறவில்லை.

மெலனினின் காவல் எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டுமானால் ஆஸ்திரேலியாவை விட்டுத் தான்சானியாவுக்குப் போக வேண்டும். கறுப்பானாலும் வெளுப்பானாலும் மனிதத் தோலில் நிறமி செய்யும் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. அவை செய்யும் நிறமியின் அளவும் வகையும்தான் வேறு. செய்த நிறமியைச் சிறு பொட்டலங்களாகக் கட்டிப் பக்கத்துத் தோல் செல்களுக்குக் கொடுக்கின்றன. வாங்கிய செல், அந்தப் பொட்டலங்களைத் தன் உட்கருவுக்கு மேலே, வெயில் வரும் பக்கமாகப் பார்த்துக் குடை பிடிப்பதுபோல் வைத்துக்கொள்கிறது. அல்பினிசம் என்னும் பிறவி நிறமின்மையில் இந்தக் குடை இல்லை. இது வெண்புள்ளி அல்ல, தொற்றுவதும் அல்ல. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்து சேர்வதால் உண்டாவது. தான்சானியாவில் சுமார் 1,400 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக மதிப்பீடு. ஐரோப்பாவில் 17,000 முதல் 20,000 பேரில் ஒருவருக்கு. அதே ஊர், அதே வெயில், அதே வயல். அண்ணனுக்கு ஒன்றும் ஆவதில்லை, நிறமின்றிப் பிறந்த தம்பிக்கு இருபதுகளிலும் முப்பதுகளிலும் காதிலும் கழுத்திலும் உதட்டிலும் ஆறாத புண்ணாக ஸ்குவாமஸ் புற்று வருகிறது. ஒரு மரபணுவின் வலிமையை இதைவிடக் கொடுமையாகக் காட்ட முடியாது. ஆனால் இதே பழுதோடு வெயில் குறைந்த நாட்டில், தொப்பியும் களிம்பும் மருத்துவரும் கைக்கெட்டும் தூரத்தில் வாழ்பவர்கள் முதுமைவரை வாழ்கிறார்கள். அதனால்தான் கிளிமஞ்சாரோ அடிவாரத்து மோஷி நகரில் அல்பினிசம் உள்ளவர்களுக்காக உள்ளூரிலேயே சன்ஸ்க்ரீன் தயாரித்துக் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. மரபணு அறிவுக்கு இதைவிட நேரான பயன்பாடு எனக்குத் தெரியவில்லை.

நிறமி முதல் காவல் என்றால், அதையும் தாண்டி வந்த கதிர் டி.என்.ஏ.வில் செய்த சேதத்தைச் சரிசெய்வது இரண்டாம் காவல். சேதமான துண்டை வெட்டியெடுத்துப் புதிதாக நிரப்பும் இந்தப் பழுதுபார்ப்பை விளக்கியதற்காக அசீஸ் சன்ஜார் 2015இன் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இத்தகைய சேதத்தைச் சமாளிக்கும் எட்டு மரபணுக்களில் ஒன்று இரு பிரதியிலும் கெட்டுப் பிறக்கும் நோய்க்கு ஜீரோடெர்மா பிக்மென்டோசம் என்று பெயர். அதன் காரணத்தை 1968இல் ஜேம்ஸ் கிளீவர் கண்டுபிடித்தார். சில நிமிட வெயிலிலேயே குழந்தையின் தோல் தீப்பட்டதுபோல் சிவந்து கொப்பளிக்கலாம். அல்லது இரண்டு வயதுக்குள் முகமெங்கும் பழுப்புப் புள்ளிகள் தோன்றலாம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 106 நோயாளிகளை நெடுங்காலம் பின்தொடர்ந்தபோது, மெலனோமா அல்லாத தோல் புற்று முதன்முதலாக வரும் இடைநிலை வயது ஒன்பது என்று தெரிந்தது. அமெரிக்கப் பொதுமக்களுக்கு அது 67. இருபது வயதுக்குள் அந்தப் புற்று வரும் ஆபத்து மற்றவர்களைப் போல் பத்தாயிரம் மடங்கு. ஏறக்குறைய கால் பங்கினருக்கு நரம்பு மண்டலமும் சிதைகிறது. அதை வெயிலை மறைத்துத் தடுக்க முடியாது. தோலைக் காப்பாற்ற முடியும். கண்ணாடி, கையுறை, முகத்திரை, புற ஊதாவைத் தடுக்கும் சன்னல் தாள் என்று சிறு வயதிலேயே தொடங்கினால் இந்தக் கணக்கு மாறுகிறது.

இந்த இரண்டு நோய்களிலும் தமிழகத்துக்கு நேரான சம்பந்தம் ஒன்று இருக்கிறது. பழுதான பிரதி ஒன்றைச் சுமப்பவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, தெரியவும் தெரியாது. அப்படிப்பட்ட இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. தாய்மாமனையோ அத்தை மகனையோ மணக்கும்போது, இருவருமே ஒரே மூதாதையரிடமிருந்து ஒரே பழுதைப் பெற்றிருக்கும் சாத்தியம் பல மடங்கு கூடுகிறது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் உறவுக்குள் மணந்தவர்கள். பெரும்பாலான உறவுத் திருமணங்களில் பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள் என்பதும் உண்மை. ஏற்கெனவே மணந்தவர்களைப் பயமுறுத்துவதில் பொருளில்லை. ஆனால் குடும்பத்தில் ஒரு பிள்ளை நிறமின்றியோ வெயில் தாளாமலோ பிறந்திருந்தால், அதே வட்டத்துக்குள் அடுத்த சம்பந்தம் பேசுவதற்கு முன் மரபணு ஆலோசனை பெறுவது அவசியம்.

'நம் தோல் கறுப்பு, நமக்கு இதெல்லாம் வராது' என்ற பேச்சுக்கும் பதில் சொல்ல வேண்டும். இதில் பாதி உண்மை. அமெரிக்காவில் வாழ்நாளில் மெலனோமா வரும் வாய்ப்பு வெள்ளையருக்கு 33இல் ஒன்று, கறுப்பருக்கு 1,000இல் ஒன்று என்கிறார்கள். மீதிப் பாதி ஆபத்தானது. உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகிய இடங்களில் வரும் மெலனோமா அந்த நாட்டில் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில், பத்து லட்சம் பேருக்கு ஆண்டுக்கு இரண்டுக்கும் குறைவாக வருகிறது. 2017இல் இந்தக் கட்டிகளின் மரபுத் தொகுதியைப் படித்தபோது வெயிலின் அடையாளம் அவற்றில் பெரிதாக இல்லை. குரோமோசோம்கள் உடைந்து இடம்மாறிய தழும்புகளே மிகுந்திருந்தன. வெயில் செய்யாத நோயை மெலனின் தடுக்காது. பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்தடியில் 1977இல் கண்டறியப்பட்டது இந்த வகைதான். 1981இல் 36 வயதில் இறந்தார். நம்மவர்க்கு இது அரிது. அரிது என்பதாலேயே, பாதத்தில் வளரும் கறுப்புத் திட்டை ஆணி என்றும், நகத்தில் ஓடும் கறுப்புக் கோட்டை அடிபட்ட ரத்தக்கட்டு என்றும் நினைத்து மாதக்கணக்கில் களிம்பு போட்டுக்கொண்டிருக்கிறோம். அடிபட்ட தழும்பு நகத்தோடு வளர்ந்து நகர்ந்துவிடும். நகராமல் அகலமாகிக்கொண்டே போகும் கோட்டைத் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அப்படியானால் எல்லோரும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா? வேண்டியதில்லை. எச்சிலை அனுப்பினால் நோய் ஆபத்தை எண்ணாகத் தரும் பரிசோதனைகள் இன்று விற்கின்றன. அத்தகைய எண்ணுக்கு அடிப்படை, சிறுசிறு பங்களிக்கும் பல மாறுபாடுகளின் கூட்டல். 2020இல் 36,760 மெலனோமா நோயாளிகளின் தரவிலிருந்து அப்படிப்பட்ட 54 மரபிடங்கள் அறியப்பட்டன. தரவு தந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சத்தினர். அந்தக் கூட்டலைத் தமிழர் ஒருவருக்குப் போட்டுக் கிடைக்கும் எண்ணை நம்பி முடிவெடுக்க இடமில்லை. பரிசோதனை முடிவு தெரிந்தால் மக்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்வார்கள் என்பதற்கும் பொதுவான சான்று பலவீனமானது. பல ஆய்வுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை அப்படி மாற்றம் எதையும் காணவில்லை. விலக்காக, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சி.டி.கே.என்.2.ஏ குடும்பங்களுக்கு முடிவைச் சொல்லி, கூடவே உட்கார்ந்து ஆலோசனையும் கொடுத்தபோது, அவர்கள் வெயிலிலிருந்து தங்களைக் காத்துக்கொள்வது கூடியது. வித்தியாசம் ஆலோசனையில் இருந்தது என்பது என் கருத்து. நெருங்கிய உறவில் பலருக்கு மெலனோமா, அல்லது மெலனோமாவோடு கணையப் புற்றும் உள்ள குடும்பம், பத்து வயதுக்குள் தோல் புற்று வந்த பிள்ளை: இவர்களுக்குப் பரிசோதனை பொருளுள்ளது. மற்றவர்களுக்கு, தாத்தா பாட்டிக்கு என்ன நோய் வந்தது என்று வீட்டில் கேட்டு எழுதி வைப்பதே போதும்.

காசில்லாமல், நாளையே செய்யக்கூடிய ஒன்று மிச்சமிருக்கிறது. நிறமின்றிப் பிறந்த பிள்ளைகள் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். காலை இறைவணக்கக் கூட்டத்தில் வெட்டவெளியில் நிற்கிறார்கள், உச்சி வெயிலில் விளையாட்டு வகுப்புக்கு அனுப்பப்படுகிறார்கள், சீருடை விதியைக் காட்டித் தொப்பியைக் கழற்றச் சொல்லப்படுகிறார்கள். ஆசிரியர்களே, அந்தப் பிள்ளையை நிழலில் நிற்க விடுங்கள். முழுக்கைச் சட்டைக்கும் அகலத் தொப்பிக்கும் அனுமதி கொடுங்கள். மருத்துவர்களே, சன்ஸ்க்ரீனை அந்தப் பிள்ளைக்கு அழகுச் சாதனமாக நினைக்காமல் மருந்துச் சீட்டில் எழுதுங்கள். அதை ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கச் செய்வது அரசின் பொறுப்பு.